டாமியா டிடி-02 காரில் பேட்டரியையும் மோட்டாரையும் மேம்படுத்தும் முறை

ரிமோட் கண்ட்ரோலில் ஓடும் ஆர்சி கார் வாங்கிச் சில வாரங்கள் ஓட்டியவர்களுக்கு அதன் வேகம் போதவில்லை என்று தோன்றத் தொடங்கும். அப்போது பெரும்பாலோர் முதலில் தேடுவது வேகமான ஒரு மோட்டாரைத்தான். ஆனால் மோட்டார் தனித்து வேகத்தைத் தந்துவிடுவதில்லை. பேட்டரி எவ்வளவு மின்னோட்டத்தைத் தளராமல் தரும், இஎஸ்சி எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதில் எவ்வளவைத் தாங்கும், பல்சக்கர விகிதம் மோட்டார்மீது எவ்வளவு சுமையை ஏற்றும் ஆகிய மூன்றும் சேர்ந்தே வேகத்தையும், அதைவிட முக்கியமாக வெப்பத்தையும் தீர்மானிக்கின்றன. ஆகவே வேலையைப் பேட்டரியில் தொடங்கி, இஎஸ்சி வழியாக மோட்டாருக்கு வந்து, வெப்பநிலையை அளந்து முடிப்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால், உலகெங்கும் தொடக்க நிலையினர் வாங்கும் 1/10 அளவு காரான டாமியா டிடி-02ஐ எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். 2013இல் வெளிவந்த இந்தச் சேசிஸ் (காரின் அடிச்சட்டம்), ஒரே மோட்டாரிலிருந்து நடுத்தண்டு வழியாக நான்கு சக்கரங்களையும் இயக்குகிறது. கிட் எனப்படும், நாமே பூட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்பில், 540 அளவுள்ள பிரஷ்டு மோட்டார் (கார்பன் பிரஷ்கள் வழியாக மின்சாரம் பெறுவது) ஒன்று வரும். பல கிட்களில் டிபிஎல்இ-02எஸ் என்ற இஎஸ்சியும் உடன் வரும். உங்களிடம் வேறு கார் இருந்தாலும் கீழே சொல்லும் வரிசையும் கணக்கும் பொருந்தும். பற்களின் எண்ணிக்கையையும் அளவுகளையும் மட்டும் உங்கள் காரின் கையேட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பேட்டரிக்கும் முன்பாக ஒரு சிறு வேலை இருக்கிறது. கிட்டோடு வரும், அச்சைத் தாங்கும் பிளாஸ்டிக் வளையங்களான புஷ்களைக் கழற்றிவிட்டு, 11 மி.மீ. வெளிவிட்டமும் 5 மி.மீ. உள்விட்டமும் கொண்ட பால் பேரிங்குகளைப் பொருத்திவிடுங்கள். புஷ்களில் தூசி புகுந்தால் அவை அச்சைப் பிடித்துக்கொள்ளும். அந்த உராய்வை வெல்ல மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். இதற்கு ஆகும் செலவு மோட்டாரின் விலையை நோக்கச் சிறியது, பலனோ உடனே தெரியும். வேகமான மோட்டாரைப் புஷ்களோடு ஓட்டினால் அவை உருகிவிடவும் கூடும்.

பேட்டரி

கிட் காருடன் பெரும்பாலோர் பயன்படுத்துவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகைப் பேட்டரி. அதில் 1.2 வோல்ட் செல்கள் ஆறு சேர்ந்து 7.2 வோல்ட் தரும். அதற்கு மாற்றாக வரும் 2எஸ் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் 3.7 வோல்ட் செல்கள் இரண்டு இருப்பதால் அதன் பெயரளவு 7.4 வோல்ட். எண்ணளவில் வித்தியாசம் மிகச் சிறியதாகத் தெரிந்தாலும், லிப்போவின் உள்மின்தடை குறைவு என்பதால், திராட்டிலை (வேக விசையை) முழுதாக அழுத்தும்போது அதன் வோல்டேஜ் அதிகம் சரிவதில்லை. கிட் மோட்டாரையே வைத்துக்கொண்டு பேட்டரியை மட்டும் மாற்றினால்கூடக் கார் புறப்படும் வேகம் மாறுவதை உணரலாம். எடையும் குறைகிறது. பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கும் என்பதால், மோட்டாருக்குச் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்து சில நாள் ஓட்டிப் பார்க்கும்படி வலியுறுத்துவேன்.

வாங்கும்போது மூன்று விவரங்களைப் பாருங்கள். முதலாவது அளவு: சேசிஸிலுள்ள பேட்டரிக் குழியை அளந்து, சுமார் 138 மி.மீ. நீளமும் 46 மி.மீ. அகலமும் 25 மி.மீ. உயரமும் கொண்ட கெட்டி உறையிட்ட பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள். மென்மையான உறை கொண்டவை விமானங்களுக்கானவை. காரில் கல் தெறித்தாலோ மோதினாலோ செல் நசுங்கிவிடும். இரண்டாவது கொள்ளளவு: கார் சராசரியாக 12 ஆம்பியர் இழுத்தால், 3,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி 15 நிமிடமும், 5,000 உள்ளது 25 நிமிடமும் தாங்கும். மூன்றாவது சி மதிப்பு. 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் 30சி என்று போட்டிருந்தால், அது 150 ஆம்பியர் தொடர்ந்து தரும் என்பது பொருள். உறையில் அச்சிட்டிருக்கும் சி மதிப்புகள் பெரும்பாலும் மிகைப்படுத்தப்பட்டவை. ஆகவே உங்கள் தேவையைப் போல் இரண்டு மடங்காவது காகிதத்தில் இருக்கட்டும்.

லிப்போவுக்கு மாறுகிறவர்கள் இரண்டு விஷயங்களை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. ஒரு செல்லின் வோல்டேஜ் 3.0க்குக் கீழே போனால் அது நிரந்தரமாகக் கெட்டுவிடும். இதைத் தடுக்க, வோல்டேஜ் குறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிப்போ கட்-ஆஃப் இஎஸ்சியில் இருக்க வேண்டும். டிபிஎல்இ-02எஸ் கருவியில் அது கிடையாது. நிக்கல் பேட்டரி தீர்ந்துபோகும்போது கார் தானாகவே தளர்ந்து நின்றுவிடும், அதனால் எவருக்கும் சிக்கல் தெரிவதில்லை. லிப்போவோ கடைசிவரை விசையோடு ஓடி, தளர்ச்சி தெரியும் நேரத்தில் ஆபத்தான எல்லையைத் தொட்டிருக்கும். இஎஸ்சியை மாற்றும்வரை, பேட்டரியில் ஒவ்வொரு செல்லோடும் தனித்தனியே இணைந்த பேலன்ஸ் கம்பியில் செருகும் சிறிய வோல்டேஜ் அலாரம் ஒன்றை வாங்கி, செல் ஒன்றுக்கு 3.5 வோல்ட் என்று அமைத்துக்கொள்ளுங்கள். ஓட்டி முடித்ததும் அலாரத்தைக் கழற்றிவிட வேண்டும். அதுவும் சிறிதளவு மின்சாரத்தைத் தொடர்ந்து உறிஞ்சும்.

இன்னொன்று சார்ஜர். நிக்கல் பேட்டரிக்கான பழைய சார்ஜரில் லிப்போவைச் செருகக் கூடாது. பல வகைகளுக்கும் பொதுவான சார்ஜரில் நிக்கல் முறையைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்து லிப்போவை ஏற்றினாலும் தீப்பிடிக்கும். செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் முறையில், செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டில் நிற்கும் சார்ஜர்தான் தேவை. 2எஸ் பேட்டரியின் பேலன்ஸ் கனெக்டரில் மூன்று முனைகள் இருக்கும். அதையும் முதன்மைக் கம்பியோடு சேர்த்துச் சார்ஜரில் செருக வேண்டும். ஏற்றும் வேகம் 1சி, அதாவது 5,000 மில்லி ஆம்பியர் மணிக்கு 5 ஆம்பியர். ஓட்டி முடித்துச் சூடாக இருக்கும் பேட்டரியை ஆறவிட்ட பிறகே ஏற்றுங்கள். சிமெண்ட் தரையிலோ ஓட்டின்மீதோ, லிப்போ பைக்குள் வைத்து, ஆள் அருகில் இருக்கும்போது மட்டும் ஏற்ற வேண்டும். இரவில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போவது கூடவே கூடாது. உப்பிய பேட்டரியை எந்தக் காரணத்துக்காகவும் மீண்டும் ஏற்றாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

கனெக்டர்

பேட்டரியை மாற்றியவர்கள் பலர் இங்கே நின்றுவிடுகிறார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கால் ஆன டாமியா கனெக்டர் கிட் மோட்டாருக்குப் போதும். அதற்கு மேல் அது தாங்காது. கனெக்டரிலும் மெல்லிய கம்பியிலும் சேர்ந்து 0.02 ஓம் மின்தடை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 30 ஆம்பியர் பாயும்போது 0.6 வோல்ட் அங்கேயே தொலைந்து, 18 வாட் வெப்பமாக மாறுகிறது. பிளாஸ்டிக் இளகிக் கனெக்டர் ஒட்டிக்கொள்வது இதனால்தான். ஓட்டி முடித்தவுடன் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. எக்ஸ்டி60 அல்லது டீன்ஸ் எனப்படும் டி-பிளக், இவ்விரண்டில் ஒன்றை எல்லாப் பேட்டரிகளுக்கும் பொதுவாக வைத்துக்கொள்வது நல்லது. கைப்பிடித்துக் கழற்ற வசதியானது என்பதால் நான் எக்ஸ்டி60ஐயே பரிந்துரைப்பேன்.

சால்டர் செய்ய 60 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட சால்டரிங் அயர்ன் வேண்டும். மின்னணுச் சில்லறை வேலைகளுக்கான 25 வாட் கருவி தடித்த கம்பியைச் சூடாக்கப் போதாது, வெளியே பளபளத்து உள்ளே ஒட்டாத இணைப்பே கிடைக்கும். பேட்டரியின் இரு கம்பிகளையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். வெட்டும் இடுக்கியே இரண்டையும் இணைத்து ஷார்ட் ஆக்கிவிடும். அந்த மின்னோட்டம் கையைச் சுடவும் பேட்டரியைக் கொளுத்தவும் வல்லது. முதலில் ஒரு கம்பியை வெட்டி, வெப்பத்தில் சுருங்கும் குழாயை அதில் நுழைத்து, கம்பி முனைக்கும் கனெக்டர் கிண்ணத்துக்கும் தனித்தனியே ஈயம் பூசி, பிறகு இரண்டையும் சேர்த்து உருக்கி, குழாயைச் சுருக்கி மூடிய பிறகே அடுத்த கம்பியைத் தொட வேண்டும். சால்டர் செய்யும்போது கனெக்டரின் மறுபாதியைச் செருகி வைத்திருந்தால், பிளாஸ்டிக் இளகினாலும் முனைகள் இடம் மாறாது. கூடு மீதுள்ள பிளஸ், மைனஸ் குறிகளை இருமுறை சரிபாருங்கள். தவறாக இணைத்தால் இஎஸ்சி அந்த நொடியே போய்விடும்.

மோட்டாரைத் தேர்ந்தெடுத்தல்

540 என்பது மோட்டாரின் உடலளவைக் குறிக்கிறது: சுமார் 36 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம். பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார்களில் 3650 என்று எழுதியிருந்தால் அதே அளவுதான். தண்டின் விட்டம் 3.17 மி.மீ.; பொருத்தும் துளைகள் 25 மி.மீ. இடைவெளியில் இருக்கும். இவை மூன்றும் பொருந்தினால் மோட்டார் டிடி-02இல் உட்காரும்.

வேகத்தைக் குறிக்க இரண்டு அளவுகள் வழக்கில் உள்ளன. டர்ன் என்பது கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கை. அது குறையக் குறைய மோட்டார் வேகமாகச் சுழன்று, அதிக மின்னோட்டத்தையும் இழுக்கும். கேவி என்பது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் சுழலும் வேகம். இதை வைத்துக் காரின் வேகத்தை நீங்களே கணக்கிட்டுவிடலாம். டிடி-02இல் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியருக்கு 70 பற்கள், மோட்டார் தண்டில் அமர்ந்து அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனுக்கு 22 பற்கள், உள் விகிதம் 2.6, ஆகவே 70ஐ 22ஆல் வகுத்து 2.6ஆல் பெருக்கினால் மொத்த விகிதம் 8.27. சுமார் 63 மி.மீ. விட்டமுள்ள டயரின் சுற்றளவு 198 மி.மீ. கிட் மோட்டார் 7.2 வோல்ட்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15,000 சுற்று சுழல்வதால், கணக்குப்படி மணிக்கு 21.5 கி.மீ. வருகிறது. 3,000 கேவி பிரஷ்லெஸ் மோட்டாரை 7.4 வோல்ட்டில் ஓட்டினால் 22,200 சுற்று, அதாவது 32 கி.மீ. அதே மோட்டாருக்கு 3எஸ் பேட்டரியின் 11.1 வோல்ட் கொடுத்தால் 48ஐ நெருங்கும். காற்றுத்தடையாலும் சுமையாலும் உண்மை வேகம் இவற்றைவிடக் குறைவாகவே இருக்கும், எனினும் ஒப்பிட இந்தக் கணக்கு போதும்.

32 கி.மீ. என்பது 21.5ஐப் போல் ஒன்றரை மடங்குதான் என்று எண்ணிவிட வேண்டாம். மோதும்போது வெளிப்படும் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. டிடி-02இன் நடுத்தண்டும் அச்சுக் கிண்ணங்களும் பிளாஸ்டிக்கால் ஆனவை. 3எஸ் பேட்டரியை இந்தச் சேசிஸில் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. நேர்கோட்டில் ஒருமுறை ஓடிக்காட்டுவதைத் தவிர அதனால் பயனில்லை, வளைவில் காரைப் பிடித்து வைக்கவும் முடியாது.

செலவைக் குறைக்க விரும்புபவர்களுக்கு டாமியாவின் ஸ்போர்ட் டியூன்டு போன்ற பிரஷ்டு மோட்டார் நல்ல இடைநிலை. கம்பிகளைச் செருகினால் வேலை முடிந்துவிடும். புதிய பிரஷ்டு மோட்டாரை உடனே முழு வேகத்தில் ஓட்டாமல், 3 வோல்ட் அளவில் சுமையின்றிச் சில நிமிடம் சுழலவிட்டால், கார்பன் பிரஷ்கள், அவை உரசும் சுழல் வளையமான கம்யூட்டேட்டரின் வளைவுக்கேற்பத் தேய்ந்து முழுப் பரப்பிலும் படியும். இந்தப் பிரஷ்கள் நாளடைவில் தேய்வதும், உராய்வில் ஆற்றல் வீணாவதும்தான் இவ்வகையின் குறை.

பிரஷ்லெஸ் மோட்டாரில் அந்த உராய்வே இல்லை. அதில் சென்சார் உள்ளது, இல்லாதது என இரு வகை. சென்சார் இல்லாதது விலை குறைவு. தண்டு எந்த நிலையில் நிற்கிறது என்று இஎஸ்சிக்குத் தெரியாததால் மெதுவாகப் புறப்படும்போது தடுக்கித் தடுக்கி நகரும். சென்சார் உள்ளது நத்தை வேகத்திலும் சீராக ஓடும். மணலிலும் மண்ணிலும் ஓட்டுபவர்களுக்குச் சென்சார் இல்லாத வகை போதும். டிடி-02 போன்ற சாலைக் காருக்குச் சென்சார் உள்ள 17.5 அல்லது 13.5 டர்ன் மோட்டாரே ஏற்றது. போட்டிகளில் 21.5, 17.5, 13.5 டர்ன் வகுப்புகள் வழக்கத்தில் இருப்பதால், பின்னாளில் போட்டிக்குப் போனாலும் அதே மோட்டார் உதவும்.

மோட்டாரோடு இஎஸ்சியையும் பொருத்திப் பார்க்க வேண்டும். டிபிஎல்இ-02எஸ் பிரஷ்டு மோட்டாரையும் சென்சார் உள்ள பிரஷ்லெஸ் மோட்டாரையும் ஓட்டும். சென்சார் இல்லாததை ஓட்டாது, மிகக் குறைந்த டர்ன் மோட்டாரையும் தாங்காது. லிப்போ கட்-ஆஃப் இல்லாத குறையும் சேர்வதால், பிரஷ்லெஸுக்குப் போகிறவர்கள் 60 ஆம்பியர் அளவில் வேறொரு இஎஸ்சி வாங்குவதே நல்லது. பிரஷ்டு மோட்டாருடன் லிப்போ பயன்படுத்துபவர்களுக்கு ஹாபிவிங் குவிக்ரன் 1060 எளிமையான தேர்வு. அதிலுள்ள சிறு ஜம்பரை (முனைகளை இணைக்கும் செருகியை) இடம் மாற்றி லிப்போவா நிக்கலா என்று சொல்லிவிடலாம். ஜம்பரைக் கவனிக்காமல் நிக்கல் நிலையிலேயே லிப்போவை ஓட்டுவது அடிக்கடி நேரும் தவறு.

பொருத்துதல்

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பினியனைத் தண்டில் நுழைத்து, அதன் திருகு தண்டின் தட்டையான பக்கத்தில் அமரும்படி முடுக்குங்கள். உலோகத்தோடு உலோகம் சேரும் இந்தத் திருகுக்கு ஒரு துளி திரெட்லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) அவசியம். பினியனின் பல்லளவு ஸ்பர் கியருக்கு ஒத்திருக்க வேண்டும். டிடி-02 பயன்படுத்துவது 0.6 மாட்யூல் என்ற பல்லளவு. 48 பிட்ச் என்ற வேறு அளவுப் பினியன் பார்வைக்கு அதைப் போலவே தோன்றினாலும் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் பிளாஸ்டிக் பற்களை அரைத்துத் தள்ளிவிடும்.

மோட்டாரைப் பிடிக்கும் 3 மி.மீ. திருகுகளின் நீளத்தைக் கட்டாயம் சரிபாருங்கள். நீளமான திருகு உள்ளே சென்று சுருளைத் தொட்டால் புத்தம்புதிய மோட்டார் ஓடும் முன்பே ஷார்ட் ஆகிவிடும். டிடி-02இன் மோட்டார் இருக்கையில் இடங்கள் முன்பே வரையறுக்கப்பட்டிருப்பதால் கையேட்டில் சொல்லியிருக்கும் பினியன்கள் மட்டுமே பொருந்தும். இருக்கையை நகர்த்திப் பொருத்தும் கார்களில், மெல்லிய காகிதத் துண்டொன்றை இரு பல்சக்கரங்களுக்கு நடுவில் வைத்து அழுத்தித் திருகை முடுக்கி, பிறகு காகிதத்தை உருவினால் சரியான இடைவெளி அமைந்துவிடும். சக்கரத்தைக் கையால் முழுச்சுற்று சுழற்றி, எங்கும் இறுக்கம் இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

சென்சார் உள்ள மோட்டாரில் ஏ, பி, சி கம்பிகளை அவற்றுக்குரிய முனைகளிலேயே இணைக்க வேண்டும். கார் பின்னோக்கி ஓடினால் கம்பிகளை மாற்றாமல் இஎஸ்சி அமைப்பில் திசையை மாற்றுங்கள். சென்சார் இல்லாததில் மூன்றில் ஏதேனும் இரண்டு கம்பிகளையும், பிரஷ்டு மோட்டாரில் இருக்கும் இரண்டையும் இடம் மாற்றினால் திசை திரும்பிவிடும். அடுத்து, சக்கரங்கள் தரையைத் தொடாதபடி காரை ஒரு மேடைமீது தூக்கி வைத்து, முதலில் ட்ரான்ஸ்மிட்டரையும் பிறகு காரையும் இயக்கி, நடுநிலை, முழு முன்வேகம், முழு பிரேக் ஆகிய மூன்று நிலைகளையும் இஎஸ்சிக்குப் பதிவு செய்யுங்கள். இதைச் செய்யாமல் முழு வேகம் வரவில்லை என்று மோட்டாரைக் குறை சொல்பவர்கள் பலர்.

வெப்பத்தை அளத்தல்

எல்லாம் சரியாக அமைந்ததா என்பதைச் சொல்லக்கூடியது வெப்பநிலை ஒன்றுதான். வேகமான மோட்டாரை முதன்முதலில் ஓட்டும்போது கையேடு அனுமதிக்கும் சிறிய பினியனில் தொடங்கி, மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியை மோட்டாரின் பின்பக்கம் நோக்கிப் பிடியுங்கள். 60 டிகிரி செல்சியஸ் என்றால் நிம்மதி. ஒரு பல் கூட்டிப் பார்க்கலாம். 80ஐத் தாண்டினால் ஒரு பல் குறைக்க வேண்டும். அதற்கு மேலும் சூடேறும் மோட்டாரில் காந்தத்தின் வலு நிரந்தரமாகக் குறையத் தொடங்கும். காந்தம் வலுவிழந்தால் மோட்டார் இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுத்து, இன்னும் சூடாகும். பினியனில் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பல் மட்டும் மாற்றி மீண்டும் அளப்பதே முறை.

குளிர்நாட்டினர் எழுதியிருக்கும் பினியன் பரிந்துரைகளை நம் ஊரில் அப்படியே பின்பற்றக் கூடாது. 20 டிகிரி வெளிவெப்பத்தில் ஓடும் மோட்டார் 55 டிகிரி ஏறினால் 75இல் நிற்கும். அதே கார், அதே பினியன், மே மாதம் மாலையில் 38 டிகிரியில் ஓடினால் 93ஐத் தொடும். கோடையில் ஒரு பல் குறைத்துக்கொள்வதும், மோட்டாருக்கு வெப்பத்தகடும் சிறு விசிறியும் பொருத்துவதும், ஒரு பேட்டரி முடிந்ததும் மோட்டாரைக் கால் மணி நேரம் ஆறவிடுவதும் நம் தட்பவெப்பத்துக்குத் தேவையான பழக்கங்கள். இஎஸ்சியையும் பேட்டரியையும்கூட அளந்து பாருங்கள். பேட்டரி 60 டிகிரியை நெருங்கினால் அதன் சி மதிப்பு மோட்டாருக்குப் போதவில்லை என்று பொருள்.

ஓட்டி முடித்ததும் இஎஸ்சியின் சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாமல் பேட்டரியைக் கனெக்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்ச் அணைந்திருந்தாலும் சிறு மின்னோட்டம் கசியும். காரிலேயே விட்டுவைத்த லிப்போக்கள் சில வாரங்களில் செத்துப்போவது இதனால்தான். அடுத்த சில நாள்கள் ஓட்டப்போவதில்லை என்றால், சார்ஜரின் ஸ்டோரேஜ் முறையில் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து, வெயில் படாத இடத்தில், எளிதில் தீப்பற்றாத பெட்டியில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மட்டும் அதை வைக்காதீர்கள்.